குனிந்த முதுகைச் செய்வது எப்படி: மூங்கில், வைக்கோல், வண்டல், பித்தளை சேர்த்து ஓர் உடல்

இதில் செய்யப்போவது ஒரே ஓர் உருவம்தான். நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண், ஆள் அளவு, முகம் சேற்றைப் பார்த்தபடி. முகம் தெரியாத உருவத்தை ஏன் எடுத்தேன் என்றால், முகம் இருந்தால் செய்பவர் ஏமாற்றலாம், பார்ப்பவரும் ஏமாறலாம். கண்ணில் கொஞ்சம் சோகத்தை வைத்துவிட்டால் போதும், முதுகு தப்பாக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். முதுகு மட்டும்தான் என்றால் தப்பிக்க வழியே இல்லை.

வேண்டியவை மூங்கில், தேங்காய் நார்க் கயிறு, வைக்கோல், வண்டல் மண், ஒரு பழைய நூல் சேலை, கொஞ்சம் பித்தளை. பித்தளை வேலையைத் தவிர மற்ற எல்லாம் டெல்டாவில் எந்த ஊரிலும் முடியும். நான்கைந்து மாதம் ஆகும், அதில் பாதி மண் காயக் காத்திருப்பது.

மிக்ஸட் மீடியா என்ற பெயரில் கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிவைக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன். சைக்கிள் செயின், சிப்பி, உடைந்த கண்ணாடி, எல்லாம். இப்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பொருளை எடுக்கிறேன்: உடம்பில் இந்த இடம் என்ன வேலை செய்கிறது? தாங்குகிற இடத்துக்குத் தாங்குகிற பொருள், இழுக்கிற இடத்துக்கு இழுக்கிற பொருள், தேய்கிற இடத்துக்குத் தேய்மானம் தாங்குகிற பொருள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கடுசர்க்கரை முறையில் செய்த கோயில் திருமேனிகளில் உள்ளே ஒரு மரச்சட்டம் இருக்கும், அதற்குச் சூலம் என்று பெயர், அதுதான் எலும்பு. அதன்மேல் தேங்காய் நாரை நாடியாகச் சுற்றி, பல சரக்கு சேர்த்துக் குழைத்த மண்சாந்தைச் சதையாகப் பூசி, துணியைத் தோலாகப் போர்த்துவார்கள். திருவனந்தபுரத்துப் பத்மநாபர் அப்படிச் செய்தவர்தான். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டவரும் கல் அல்ல, சாந்தில் செய்த சுதை. அதனால்தான் அங்கே தண்ணீர் அபிஷேகம் இல்லாமல் தைலம் பூசும் தைலக்காப்பு. நம் ஊரில் உடம்பை இப்படிப் பலபொருளாக யோசிப்பது பழைய பழக்கம்.

மண்ணை முதலில் எடுத்து வையுங்கள்

வரிசைப்படி பார்த்தால் இது பிறகு வரவேண்டியது, ஆனால் மண் சித்திரை வைகாசியில்தான் நன்றாகக் கிடைக்கும். வாய்க்காலும் குளமும் வற்றி, தூர்வாரும் வேலை நடக்கும் நேரம். ஊரில் கேட்டுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு சட்டி வண்டலும் அதில் பாதி அளவு கழனிக் களிமண்ணும் எடுத்துவந்து, கல், வேர், பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கி, தண்ணீரில் கரைத்துச் சாக்கில் வடிகட்டி வையுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது என்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் அப்புறம் மண் எடுக்க முடியாது, வயலில் நடவு பார்க்கத்தான் முடியும். நமக்கு அதுவும் வேண்டும்.

பார்ப்பது

குறுவை நடவு நடக்கும்போது காலை ஏழு மணிக்கு வரப்பில் போய் உட்காருங்கள். இப்போது பாதி வயலில் இயந்திரம்தான், ஆள் வைத்து நடுகிற இடத்தைக் கேட்டுப் போக வேண்டும். போட்டோ எடுக்கலாம், அனுமதி கேட்டு. ஆனால் போட்டோவை நம்பி வேலை செய்யாதீர்கள். கேமரா லென்ஸ் முதுகைத் தட்டையாக்கிவிடுகிறது, அதோடு நடவு என்பது நிற்கும் நிலை அல்ல. பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறார்கள். ஒரு கால் சேற்றிலிருந்து பிடுங்கும்போது பாரம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அரை நிமிடக் கோட்டோவியமாக, மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, ஐம்பது அறுபது போடுங்கள்.

முதல் நாள் நான் பார்க்கத் தவறிய ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் சுவரில் குதிகால் ஒட்ட நின்றுகொண்டு, முழங்கால் மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். முன்னால் விழுவீர்கள். குனியும்போது இடுப்பு பின்னால் போனால்தான் பாரம் பாதத்துக்கு மேல் நிற்கும், சுவர் அதைத் தடுக்கிறது. என் முதல் உருவத்தில் இடுப்பை நேராகக் குதிகாலுக்கு மேல் வைத்துவிட்டு, ஏன் இது எப்போதும் விழப்போவது போலவே இருக்கிறது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், வேலை முடியும்வரை அது கூடவே தொங்கட்டும்.

பாரம் என்றால் என்ன என்று புரிய ஒருநாள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அங்கே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர் இருக்கிறார், 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காலைக் குறுக்கே வைத்து, காளைமேல் ஒரு கையைச் சாய்த்து நிற்கிறார். காளை இப்போது இல்லை. இல்லாத காளையின் உயரம், திமில், அதன் கனம் எல்லாம் அந்தத் தோளிலும் இடுப்பிலும் தெரிகிறது. பாம்பைச் சுற்றிய தலைப்பாகையை எல்லோரும் படம் பிடிப்பார்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று இடுப்பைப் பாருங்கள்.

அளப்பது

உங்களுக்கு ஒரு மாடல் வேண்டும். என் பெரியம்மா சின்ன வயதிலிருந்து நடவு நட்டவர். நடவுக்கு என்ன கூலியோ அதைக் கொடுத்தேன். "ஏன்டி, வீட்டுல குனிஞ்சு நிக்கிறதுக்குமா கூலி?" என்றார். வாங்கிக்கொள்ள வைத்தேன், நீங்களும் கொடுங்கள், உறவு என்று விட்டுவிடாதீர்கள்.

திண்ணையில் குனியச் சொன்னபோது உடம்பு சரியாக வரவில்லை. அவருக்கே தெரிந்தது. "கையில ஒண்ணுமில்லாம எப்படிடி குனியறது?" என்று சொல்லிவிட்டு, கொல்லையிலிருந்து ஒரு கட்டுப் புல்லை அறுத்துவந்து நாற்று முடி மாதிரி இடது கையில் பிடித்தார். அவ்வளவுதான், இடது முழங்கை தொடைமேல் போய் ஊன்றிக்கொண்டது, வலது தோள் இறங்கியது, முதுகில் ஒரு பக்கம் மட்டும் இறுகியது. பாரம் இல்லாத உடம்பை அளக்காதீர்கள்.

அளக்க டேப் வேண்டாம், தென்னையோலை போதும். சுவாமிமலை ஸ்தபதிகள் ஓலை நறுக்கை மடித்து மடித்துத்தான் அளவு பிடிக்கிறார்கள், ஒடியோலை என்பார்கள். முகத்தின் நீளம், முன்மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை, ஒரு தாளம். தாளம் 12 அங்குலம். இது கடையில் விற்கும் ஸ்கேலின் அங்குலம் இல்லை, அந்தந்த உருவத்தின் சொந்த அங்குலம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், பத்துத் தாளத்தோடு நான்கு அங்குலம் கூட, 124 அங்குலம். மனிதருக்கு எட்டுத் தாளம், 96. பெரியம்மாவின் முகத்தை ஓலையில் பிடித்து, அந்த ஓலையால் மேல்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால் என்று எல்லாவற்றையும் அளந்தால் பல இடத்தில் ஏட்டுக்கணக்கு ஒத்துவரும், சில இடத்தில் வராது. வராத இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். எனக்கு வலது தோள், கழுத்தடி, இரண்டு கால் பெருவிரல் என்று சிவப்பு விழுந்தது. சிற்பம் இருப்பது அந்தச் சிவப்பில்தான், மற்றதெல்லாம் இலக்கணம்.

உடலில் அச்சு எடுப்பது, எடுக்கவே வேண்டும் என்றால்

மருந்துக் கடையில் 15 சென்டிமீட்டர் அகல பிளாஸ்டர் பேண்டேஜ் கேளுங்கள், முதுகுக்கு ஏழெட்டுச் சுருள் வரும். ஒரு முழம் ஒரு முழமாக முன்பே வெட்டி அடுக்கிக்கொள்ளுங்கள், நனைந்த கையோடு கத்தரிக்கோல் தேடக்கூடாது. அவர் மேசையில் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்ளட்டும். வெறும் குனிவில் யாராலும் இருபது நிமிடம் இருக்க முடியாது. முதுகில் வாசலின் தாராளமாக, பூனைமயிர் இருக்கும் இடத்தில் இன்னும் தாராளமாக. வெதுவெதுப்பான நீரில் நனைத்து மூன்று நான்கு அடுக்கு, ஓரத்தில் மட்டும் ஒன்று கூடுதல். இறுகியதும் மெல்ல மூச்சை இழுத்து முதுகை அசைக்கச் சொன்னால் தானாகக் கழன்றுவரும். மாடல் பெண் என்றால் பூசுவதும் பெண்ணாகவே இருக்கட்டும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், படம் எடுக்காதீர்கள்.

பேண்டேஜில் சூடு கொஞ்சம்தான். ஆனால் வாளியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து அதில் கையை விடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கனமாக இறுகும்போது அது தோலை வேகவைக்கும் அளவுக்குச் சூடாகும், கையையும் வெளியே எடுக்க முடியாது. 2007இல் இங்கிலாந்தில் 16 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் இப்படிச் செய்து விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார்.

சரி, அச்சு கையில் வந்துவிட்டது. அதில் மண்ணை அழுத்தி எடுத்து அதையே சிற்பம் என்று வைத்துவிடாதீர்கள். அச்சில் எடுத்த முதுகு தூங்குகிற முதுகு, தசை தளர்ந்து, பேண்டேஜின் கனத்தில் அமுங்கிப்போனது. பெரியம்மாவின் அச்சை நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது ஆமையோடு மாதிரி இருந்தது. எனக்கு அது ஓர் அளவுகோல் மட்டும். கழுத்தடி, தோள்பட்டை எலும்பு, விலா, இடுப்பு, வால் எலும்பு ஆகிய ஐந்து இடத்தில் அட்டையை வைத்து வளைவை வெட்டி எடுத்துக்கொண்டு, அச்சைப் பரணில் போட்டுவிட்டேன்.

எலும்பு

காலுக்குக் கல்மூங்கில், உள்ளே துளை இல்லாத கெட்டி ரகம். முதுகெலும்புக்குப் பிளந்த மூங்கில் சிம்பு ஐந்தாறு, ஒவ்வொன்றையும் தணலில் காட்டி வளைத்து, பிறகு ஒன்றாகக் கட்டியது. ஒற்றைக் கழியை வளைத்தால் ஒரே சீரான வில் வரும். முதுகு வில் இல்லை, இடுப்பில் மடிந்து, நடுவில் கொஞ்சம் நேராகி, கழுத்தடியில் மறுபடி வளைவது. சிம்புகளை வேறு வேறு நீளத்தில் விட்டுக் கட்டினால் அந்த மாறுதல் கிடைக்கும்.

மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள். அது எப்படியோ, வெட்டியதை மூன்று வாரம் குளத்தில் ஊறப்போடுவது நிச்சயம் பயன் தரும். உள்ளே இருக்கும் மாவுச்சத்து கரைந்துபோனால் உளுவுக்குத் தீனி கிடையாது. பிறகு நிழலில் காயவைத்து, வெங்காரம் கரைத்த நீரைப் பூசுங்கள், கரையானுக்கு.

அடித்தளம் இரண்டரைக்கு மூன்றடி மரத்தட்டு. கால் இரண்டும் தட்டைத் துளைத்துக் கீழே போய் போல்ட்டில் நிற்கட்டும். நடவு உருவத்தில் ஒரு வசதி, பாதம் சேற்றுக்குள் இருப்பதால் கணுக்காலைச் செய்ய வேண்டியதில்லை, தட்டு முழுக்கச் சிமெண்டும் மண்ணுமாக நாற்பது கிலோ போட்டு நிரப்பலாம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை விழாததற்கு என்ன காரணமோ அதேதான் இதற்கும், அடி கனம்.

நரம்பும் தசையும்

நார்க் கயிற்றைத் தசை ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். குனிந்த உடலில் முக்கியம் தொடையின் பின்பக்கம், உட்காரும் எலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை கயிறு நெடுக ஓடட்டும், விறைப்பாக. முதுகெலும்பின் இரு பக்கமும் இடுப்பிலிருந்து பிடரி வரை இரண்டு தடித்த வடம். வயிற்றுப் பக்கம் தளர்வாக. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே இழுவிசை எங்கே தொய்வு என்று கைக்குத் தெரிய வேண்டும், மண் பூசிய பிறகு கண்ணுக்குத் தெரியப்போவது அதுதான். கயிற்றின்மேல் வைக்கோல் பிரி, ஒரு விரல் தடிமனில்.

இந்த நாருக்கும் பிரிக்கும் இன்னொரு வேலை இருக்கிறது. மண் காயும்போது சுருங்கும், மூங்கில் சுருங்காது. நேராக மூங்கில்மேல் மண் அப்பினால் நீளவாக்கில் பிளக்கும். நடுவில் மெத்தை மாதிரி அமுங்கிக்கொடுக்க ஒன்று இருந்தால் பிளவு பொடி விரிசலோடு நின்றுவிடும்.

சதை

மண் மூன்று பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். மிதித்துக் குழைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடிப் பதினைந்து நாள் புளிக்க விடுங்கள். நாற்றம் வரும், வரட்டும், அப்போதுதான் பசை பிடிக்கும். உங்கள் மண்ணுக்கு இந்தக் கணக்கு சரியா என்று சோதிக்க, சரியாகப் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை பிடித்து நிழலில் காயவைத்து அளந்து பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் களி அதிகம், மணல் சேருங்கள். உதிர்ந்தால் மணல் அதிகம். ஊருக்கு ஊர் மண் வேறு, குடமுருட்டிக் கரையில் சரியாக வந்தது கொள்ளிடக் கரையில் வரவில்லை.

முதல் பூச்சு இரண்டு சென்டிமீட்டர், அடியில் இருக்கும் கயிற்றுக்குள் புகும்படி விரலால் குத்திக் குத்தி. ஒரு வாரம் நிழலில் விட்டால் விரிசல் விடும். விடட்டும், பயப்படாதீர்கள். விரிசல் விட்ட இடத்தை நனைத்து அதே மண்ணால் அடைத்துவிட்டு இரண்டாவது பூச்சு, வைக்கோலுக்குப் பதில் உமி, ஒரு சென்டிமீட்டர். இந்தப் பூச்சில்தான் உருவம் வருகிறது. ஐந்து அட்டை வளைவுகளையும் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போங்கள். பிடரியில் துருத்தும் எலும்பு, குனிந்தால் விலகிப்போகும் தோள்பட்டை எலும்புகள், இடுப்பின் இரு குழிகள், இவை மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் மற்றது தானாக வரும். மூன்றாவது, சலித்த வண்டலோடு சாணம் கலந்து, தோசை கனத்துக்கு. வழவழப்பாகத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பொம்மைக் கடைக்குப் போய்விடும்.

என் இரண்டாவது முயற்சியில் ஐப்பசி மழை முந்திக்கொண்டது. ஒரு மாதம் மண் காயவில்லை. வைக்கோலில் ஒட்டியிருந்த நெல் முளைத்து, இடுப்புக்கு மேலே பச்சையாக ஏழெட்டுப் பயிர் வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன யோசனை, என்ன யோசனை என்றார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். உண்மையில் வைக்கோலை உதறாமல் நறுக்கியதுதான் காரணம். நீங்கள் உதறிவிடுங்கள், புரட்டாசிக்குள் மண்வேலையை முடியுங்கள்.

துணி

பழைய நூல் சேலை, பாலியஸ்டர் கலந்தால் மண் பிடிக்காது. பாலாகக் கரைத்த வண்டலில் கஞ்சியும் கொஞ்சம் ஃபெவிகாலும் சேர்த்து, அதில் நனைத்துப் போர்த்த வேண்டும். சேலையை எடுத்துச் செருகியிருக்கும் விதத்தை வயலில் போட்ட படத்தில் பாருங்கள். மேலே பழைய ஆண்சட்டை போட்டிருப்பார்கள், வெயிலுக்கு, அதை அழகுக்காக எடுத்துவிடாதீர்கள். முதுகின் மேடுகளில் துணி ஒட்டி, பள்ளங்களில் தொங்கட்டும். உலர்ந்ததும் மேட்டில் மட்டும் துணியைக் கத்தியால் வெட்டி எடுத்து மண்ணை வெளியே காட்டினேன், அங்கே வியர்வையில் சட்டை ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது.

இடையில் நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டையும் முயன்றேன். தஞ்சாவூர் நெட்டி வேலை தெரியும்தானே, தந்தம் மாதிரி வெள்ளை. நகத்துக்கு வைத்துப் பார்த்தேன். மிக அழகாக இருந்தது, அதுதான் பிரச்சினை. எடுத்துவிட்டேன்.

விரல் நுனி

உலக்கையில் பூண் எங்கே போடுகிறார்கள்? இடிபடும் முனையில். இந்த உடம்பில் இடிபடும் முனை வலது கையின் விரல்கள், நாள் முழுக்கச் சேற்றுக்குள் போய்வருபவை. அதனால் அங்கே மட்டும் பித்தளை. கை முழுவதையும் வார்க்கலாமே என்று தோன்றும். ஒரு கையின் கனஅளவு 300 மில்லி என்று வைத்தாலும் பித்தளையில் இரண்டரைக் கிலோ தொங்கும், மூங்கில் மணிக்கட்டு தாங்காது. விரல் நுனிகள் என்றால் அரைக் கிலோவில் முடியும்.

தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் காய்ச்சிய மெழுகு வார்ப்புப் பட்டறையிலேயே கிடைக்கும். அதில் நாற்று பிடித்த விரல்களைக் கையாலேயே செய்யுங்கள். செய்ததும் நேரே வார்ப்புக்குக் கொடுக்காமல், நடவு தெரிந்தவரிடம் காட்டுங்கள். நான் காட்டியபோது பெரியம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்படிப் புடிச்சா நாத்து சேத்துல நிக்காது, மிதக்கும்" என்றார். கட்டைவிரல் தவறான பக்கம் இருந்தது. மெழுகு என்பதால் ஐந்து நிமிடத்தில் சரியாயிற்று, உலோகமாகியிருந்தால் காசு போனது போனதுதான்.

மெழுகின்மேல் முதல் பூச்சு சன்னமான காவிரி வண்டல், ரேகை வரை பிடித்துக்கொள்ளும் என்பதால். அதன்மேல் முரட்டு மண், கம்பிக் கட்டு. வறட்டி அடுக்கிச் சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும், அந்தக் காலி இடத்தில் உருகிய பித்தளை. மெழுகை எடைபோட்டு, அதைப்போல் ஒன்பது மடங்கு உலோகம் என்று கணக்கு வையுங்கள், ஊற்றுவழிக்குக் கொஞ்சம் கூட. உருக்குவதையும் ஊற்றுவதையும் வீட்டில் முயல வேண்டாம், பட்டறைக்காரர் செய்யட்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். அராவி முடித்த விரல்களைத் தண்டோடு மூங்கிலுக்குள் செருகி, சேருமிடத்தில் நார் சுற்றி மண் பூசுங்கள். நுனியை மட்டும் புளி போட்டுத் துலக்குங்கள்.

முடிப்பது

வார்னிஷ் வேண்டாம், பளபளப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆளிவிதை எண்ணெயை டர்பெண்டைனில் கலந்து, மண் அந்தக் கலவையைக் குடிப்பதை நிறுத்தும்வரை தூரிகையால் மூன்று நான்கு முறை. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள். இவ்வளவு செய்தாலும் இது சுடாத மண், மழையில் வைக்க முடியாது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றும்போது படுக்கவைக்காமல் நின்ற நிலையிலேயே, சுற்றி வைக்கோல் திணித்து, தட்டை நான்கு மூலையிலும் கட்டுங்கள்.

ஒவ்வொரு தை மாதமும் ஒருமுறை சோதியுங்கள். மழைக்காலம் முடிந்து மண் மறுபடி இறுகும்போது தோள்பட்டைக்குக் கீழேதான் முதல் விரிசல் வரும். அதை அடைக்க வேறு ஊர் மண் ஆகாது, நிறம் காட்டிக்கொடுக்கும். அதனால் மூன்றாவது பூச்சுக்குச் சலித்த வண்டலில் ஒரு பானை மீதம் வைத்து, காயவைத்து, மூடி, மேலே எந்த வாய்க்கால் மண் என்று எழுதி வையுங்கள்.